பூனைப் பாம்பின் கண்

அந்த வருஷம் ஆனி மாதத்து மழையில், ஆனைக்கல் மலையூரில் இருக்கிற செயின்ட் வெரீனா கான்வென்டின் விலங்கியல் அறையில் அறுபது வருஷத்துக்கு மேலாக ஸ்பிரிட்டில் ஊறிக்கிடந்த இருபத்து மூன்று பாம்புகளும் ஒரே காலையில் புட்டிகளை விட்டு எழுந்து, அலமாரியின் கண்ணாடிக் கதவைத் தலையால் தள்ளித் திறந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி, முற்றத்தில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே ஒருத்தி காலிலும் படாமல் ஊர்ந்து, வாசலுக்கு வந்து நின்றன. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டான். பள்ளி நேரத்தில் வெளியே போகிறவர்களை எழுதிவைக்க வேண்டும் என்பது மதருடைய உத்தரவு என்பதால், நோட்டில் எழுதியும் கொண்டான்: பாம்பு, இருபத்து மூன்று, காலை எட்டு ஐம்பது.

அவை இந்த நாட்டுப் பாம்புகள் அல்ல. சிஸ்டர் ஒதீலியா இருபத்திரண்டு வயதில் ஆல்ப்ஸ் மலைப் பக்கமிருந்து கப்பலேறியபோது, கம்பளியும் காலுறையும் வைக்கவேண்டிய பெட்டியில் தன் கண்டத்துப் பாம்புகளைப் புட்டி புட்டியாக அடுக்கிக்கொண்டு வந்தார். முதுகில் பகடைக் கட்டம் போட்ட, மீன் மட்டுமே தின்னும் பகடைப் பாம்பு. பறவை முட்டையை முழுசாக விழுங்கி உள்ளேயே நொறுக்கிக்கொள்ளும் நாலுகோட்டுப் பாம்பு. பிடித்தால் மல்லாந்து விழுந்து வாயோரம் ரத்தம் காட்டிச் செத்ததுபோல நடிக்கும் கழுத்துப்பட்டைப் பாம்பு. விரியனைப்போலவே உடம்பில் வரி போட்டுக்கொண்டு சீறி, ஒரு துளி விஷமும் இல்லாத நீர்ப்பாம்பு. முட்டையிடாமல் குட்டி போடும் வழுவழுப் பாம்பு. மூக்கு நுனியில் கொம்பு முளைத்த கொம்பு விரியன். வெட்டுக்கிளி தின்று வாழும், முழங்கை நீளம்கூட இல்லாத புல்வெளி விரியன். ஆனைக்கல் பெண்கள் மூன்று தலைமுறையாக இவற்றைத்தான் படித்தோம். எத்தனை வரிசைச் செதில், தலையில் பெரிய தகடா சின்னச் செதிலா, எந்த மாதம் உறங்கப்போகும், எந்த மாதம் எழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். எங்கள் காப்பித் தோட்டத்தில் என்ன பாம்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அது பரீட்சைக்கு வராது.

எல்லாப் பெண்களுக்கும் மறக்காமல் நின்ற பாடம் ஒன்றுதான். கண்மணி வட்டமாக இருந்தால் விஷமில்லை, பூனைக்கு இருப்பதுபோலக் கோடாக இருந்தால் விஷம். சிஸ்டர் அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் "எங்கள் தேசத்தில்" என்று ஆரம்பிப்பார். ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைகள் எதை எந்த தேசத்துக்கு என்று பார்ப்பார்கள்? அந்த வார்த்தை பிள்ளைக்குப் பிள்ளை தேய்ந்து, கடைசியில் பாடத்தில் இல்லாமலே போய்விட்டது.

பாம்புகள் ஊருக்குள் வந்து, பழைய மாணவிகள் வீடுகளில், எந்தெந்த வீட்டில் தொட்டில் கட்டியிருந்ததோ அந்தந்த வீட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, தொட்டிலுக்குள் ஏறி, பிள்ளையின் காலடியில் சுருண்டுகொண்டன. தொட்டில் கிடைக்காதவை அடுத்த பிள்ளை பிறக்கும்வரை கல்லறைத் தோட்டத்துச் சுவரில் காத்திருந்தன. முதல் வாரம் கொஞ்சம் சத்தமும் தடியும் இருந்தது. இரண்டாம் வாரம், எங்களுக்குத் தெரியாத பாம்பா என்று பெண்கள் சொல்ல, ஆண்கள் தடியைக் கீழே போட்டார்கள். மார்க்கெட்டில் மீன்காரி பகடைப் பாம்பு வந்த வீட்டுக்கென்று பொடிக் கெண்டையைத் தனியாக எடுத்துவைத்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தடுப்பூசி அட்டையில் "பாம்பு வந்ததா" என்று கையாலேயே ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் பாம்பின் பெயரை எழுத முடியாது என்றார். உபதேசியார், ஞானத்தாய் பெயருக்குப் பக்கத்தில், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் எழுதினார்.

பாம்பும் பிள்ளையும் ஒன்று என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. பாம்பு சட்டை உரிக்கிற வாரத்தில் பிள்ளைக்கும் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து, அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் இருக்கும். பாம்பு இரை எடுத்த அன்று பிள்ளை பால் குடிக்காது. கழுத்துப்பட்டைப் பாம்பு வந்த வீட்டில், கொஞ்சம் அதட்டினாலும் பிள்ளை மல்லாந்து நாக்கைத் தொங்கவிட்டு விறைத்துக்கொள்ளும். அதன் அம்மா மூன்று தடவை மயங்கி விழுந்து, நாலாவது தடவை, "நடிச்சது போதும், எந்திரிடா கள்ளா" என்று தொடையில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

பழைய மாணவியர் சங்கத்தைக் கூட்டியது ஸ்கொலாஸ்டிகா டீச்சர். கான்வென்ட் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. சிஸ்டர் ஒதீலியா இறந்தபிறகு அலமாரிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தவர். வெள்ளைச் சேலையும் கையில் டார்ச்சும் பின்னால் நாலு பெண்களுமாக வீடு வீடாகப் போய், பாம்பின் தலையை ஈர்க்குச்சியால் நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தார். வட்டக்கண் என்றால் தொட்டில் கயிற்றில் பச்சை அட்டை கட்டி முத்திரை வைத்தார். விரியன் வரி போட்ட நீர்ப்பாம்பை, அதன் வீட்டு ஆண்கள் அடிக்கப்போனபோது, "முட்டாள்களா, கண்ணைப் பாருங்கடா" என்று குறுக்கே விழுந்து காப்பாற்றியதும் அவர்தான். அன்றைக்கு ஊரே அவரைக் கும்பிட்டது. அதனால்தான் அடுத்த வாரம் அவர் சொன்னதை யாராலும் தட்ட முடியவில்லை.

கோட்டுக்கண் இரண்டு வீட்டில் இருந்தது. கொம்பு விரியன் எஸ்டேட் மேஸ்திரி வீட்டில். புல்வெளி விரியன் தையல்காரர் மனைவி அக்னெஸ் வீட்டில். அக்னெஸ் டீச்சருடைய காலைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், சிஸ்டர் சொல்லியிருக்காங்கல்ல, இது வெட்டுக்கிளி திங்கிற பாம்பு டீச்சர். கடிச்சாலும் குளவி கொட்டுன மாதிரிதான்னு சொன்னாங்க. உங்க முன்னாடிதான சொன்னாங்க?"

"கண்ணு கோடா இருக்கா, இல்லையா?"

"இருக்கு டீச்சர். ஆனா…"

"ஆனாவெல்லாம் வேணாம் அக்னெஸ். இருக்கா, இல்லையா?"

இரண்டையும் கான்வென்டின் ரொட்டி அடுப்பில் போட்டார்கள். அடுப்புக் கதவை மூடிய நிமிஷத்தில், இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் கொட்டாவி விட்டுத் தூங்கினார்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. செத்துப்போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விஷம் தெளிய நாளாகும் என்று டீச்சர் சொன்னார், நாளாகும் என்று நாங்களும் சொன்னோம். இரண்டு குடும்பமும் தூங்குகிற பிள்ளைகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மலையை விட்டு இறங்கிப் போயின. ஒரு வாரம் கான்வென்ட் ரொட்டியை யாரும் வாங்கவில்லை. மறுவாரம் வாங்கினோம்.

எனக்கு அமலி பிறந்தது புரட்டாசியில். பிறந்த மூன்றாம் நாள், குழந்தைக்கு வெந்நீர் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால், கல்லறைச் சுவரில் கடைசியாக மிச்சமிருந்த பாம்பு தொட்டிலில் சுருண்டிருந்தது. சாம்பல் நிறம், முதுகில் இருட்டுத் திட்டுகள், விரல் பருமன், கழுத்தைவிட அகலமான தலை. அது என்ன என்று பார்க்காமலே தெரியும். எட்டாம் வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சிஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டு அத்தனை புட்டிக்கும் புதிய லேபிள் எழுதச் சொன்னார். இருபத்து மூன்றாவது லேபிள் எழுதும்போது பக்கத்தில் நின்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது: "இது பூனைப் பாம்பு, ஜெசிந்தா. கண் கோடுதான். ஆனால் பல் வாயின் ஆழத்தில் இருக்கிறது, விஷம் ஒரு பல்லிக்குத்தான் போதும். ஏழைப் பிராணி. கண்ணுக்காகவே இதைக் கொல்கிறார்கள்."

பாம்பு தலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தது. கண்ணில், கிழிசலைத் தைத்ததுபோல, நேராக ஒரு கறுப்புக் கோடு.

என் வீட்டுக்காரர் பெலவேந்திரன் எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர். வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"டீச்சர் எப்ப வருவாங்க?"

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு."

"கீழ எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவமா?"

"கீழ சூடுங்க. இது குளிர் தேசத்துப் பாம்பு. எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா…"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு ஞாயிறு, குழந்தைக்கு மாந்தம் என்று வாசலிலேயே டீச்சரைத் திருப்பி அனுப்பினேன். ஊமத்தம் பூச்சாறு விட்டால் கண்மணி விரியும் என்று எங்கோ படித்து, ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன். பாம்புக்கு இமையில்லை, கண்ணுக்கு மேல் கண்ணாடிச் செதில்தான் என்பது சாறு வழிந்து தரையில் விழுந்தபிறகுதான் உறைத்தது. அந்தப் படிப்பு படித்தவளுக்கு அதுகூட மறந்துபோனது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் கர்த்தரே இரங்கினார் என்று நினைத்தேன்: பாம்பு சட்டை உரிக்கத் தயாரானது. அப்போது நாலைந்து நாள் கண்ணில் நீலமாகப் பால் படரும், மணியே தெரியாது. அமலியின் கண்ணும் அப்படியே மங்கியது. டீச்சரை நானே ஆளனுப்பிக் கூப்பிட்டேன்.

டார்ச்சை அடித்து, அணைத்து, மறுபடி அடித்துப் பார்த்தார்.

"என்னடி இது, ஒண்ணுமே தெரியலையே? அடுத்த வாரம் வரட்டுமா?"

"வழுவழுப் பாம்புதான் டீச்சர். லேபிள் எழுதினவ நான். எனக்குத் தெரியாதா?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தார். அவர் போனபிறகு நான் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன். பொய்க்கு எந்தப் புனிதருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொன்னேன்.

திருவருகைக் காலம் வந்தது, பனி இறங்கியது, பாம்புகள் உறங்கப்போயின, பிள்ளைகளும் உறங்கினார்கள். கிறிஸ்துமஸ் தாலாட்டு ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பியபோதும் எழவில்லை. கை கால் சில்லென்றிருக்கும், மூன்று நிமிஷத்துக்கு ஒரு மூச்சு வரும், பால் வேண்டாம், துணி மாற்ற வேண்டாம். அதற்கும் பழகினோம். தொட்டில்களுக்கு மேல் சேலையை மூடிவிட்டு, கல்யாணத்துக்கு முன் இருந்ததுபோல, பெண்கள் மத்தியானம் தூங்கினோம். கடைக்காரர் பால் பவுடரைத் திருப்பி அனுப்பினார். பாம்பு வந்த பிள்ளைக்குச் சளியில்லை, காய்ச்சலில்லை, குளிர்காலத்தையே தாண்டிப்போய்விடுகிறது என்று ஊரே பேச, பாம்பு வராத வீட்டுப் பெண்கள் தலைகுனிந்து நடந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மொதேஸ்தா அப்படிப்பட்டவள். எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். புருஷன் கப்பலில் வேலை. அவள் மகன் டியோனுக்கு இரண்டு மாதம்; அமலிக்குப் பிறகு பிறந்தவன் என்பதால் சுவரில் அவனுக்குப் பாம்பு மிச்சமில்லை. குளிர் ஆரம்பித்ததிலிருந்து கக்குவான் இருமல். இரும இரும முகம் நீலமாகி, வாந்தி எடுத்து, அழுது, மறுபடி இருமுவான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் வழியாக எல்லாம் கேட்கும். என் பிள்ளை இந்தப் பக்கம் மூன்று நிமிஷத்துக்கு ஒரு மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்.

"உங்களுக்கென்னக்கா," என்பாள், கண்ணுக்குக் கீழே கரிபிடித்த முகத்தோடு. "நான் என்ன பாவம் செஞ்சேன்? நானும் அதே கான்வென்ட்லதான படிச்சேன்? செதில் பாடத்துல எனக்குத் தொண்ணூத்தொம்பது மார்க்குக்கா."

"வாயக் கழுவுடி. இருமல் போயிரும்."

"ஒரே ஒரு பாம்பு, அக்கா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும், காலையில் அவள் வீட்டிலிருந்து கூச்சல். பயந்து ஓடினால், சந்தோஷக் கூச்சல். டியோனின் தொட்டிலில், கம்பளிக்கு அடியில், கறுப்பாக, எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டு ஒரு பாம்பு சுருண்டிருந்தது. உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக. அரைமணி நேரத்தில் டீச்சரும் சங்கமும் வந்துவிட்டார்கள். பால் ஊற்ற வந்த மாயாண்டி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, கேனைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, புள்ளைய மொதல்ல தூக்குங்க. அது கட்டுவிரியன்."

"விரியனா? மாயாண்டி, விரியன் கண்ணு எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு?"

"கண்ணயெல்லாம் எவன் பார்த்தான்? எங்க காட்டுப் பாம்பும்மா அது. குளிருக்கு ஒதுங்கியிருக்கு."

"உன் காட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன? இவ கான்வென்ட்ல படிச்சவ." டீச்சர் ஈர்க்குச்சியால் தலையை நிமிர்த்தி டார்ச் அடித்தார். "வட்டம். நல்லா உருண்டையா இருக்கு. ஐரோப்பாவுல கருஞ்சாட்டைன்னு ஒண்ணு உண்டு. கறுப்பு, மினுமினுப்பு, விஷம் கெடையாது."

"புட்டி இருபத்து மூணுதான டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் காலத்துல ஒண்ணு ஒடஞ்சுது. அதுல இருந்ததா இருக்கும். ஜெசிந்தா, நீ வா. லேபிள் எழுதினவ நீதானே, நீ சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். முதுகின் நடுவே, தலையிலிருந்து வால்வரை, மற்றச் செதில்களைவிடப் பெரிதாக, தேனடை அறைபோல ஆறு மூலையோடு ஒரு வரிசை ஓடியது. இருபத்து மூன்று புட்டியில் எந்தப் புட்டியிலும் அப்படி ஒரு வரிசை இல்லை. நான் படித்த எந்தப் பாம்புக்கும் இல்லை. மாயாண்டி சொன்னது உண்மை என்று என் முதுகுத்தண்டுக்கே தெரிந்தது. டீச்சர் என் காதோரம் குனிந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்:

"உன் வீட்டுதையும் வெயில் வந்ததும் ஒரு தடவ பார்க்கணும்டி. அன்னிக்குக் கண்ணு மங்கலா இருந்துச்சு."

வட்டக்கண் கொல்லும் என்று நான் சொன்னால், பிறகு அடுப்பில் போட்ட இரண்டும் என்ன என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் டீச்சர் யார் வீட்டு ஜன்னலை முதலில் திறப்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று நிமிஷத்து மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில்தான் நான் நின்றேன். அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டேன்.

"கருஞ்சாட்டைதான் டீச்சர்."

மொதேஸ்தா என் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். மாயாண்டி கேனைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "படிச்சவுக வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்: சாயங்காலம் போய், இருமல் பிள்ளைக்கு ஈரப் பாம்பு ஆகாது, நாலு நாள் வெளியே வை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம். சாயங்காலம் சங்கத்துப் பெண்கள் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். காலையில் சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது, பிறகு குறைந்தது, பிறகு கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மொதேஸ்தா ஒரு கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள். குளித்து, தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

"அக்கா, டியோனும் தூங்கிட்டான்! ராத்திரியே இருமல் நின்னுருச்சு. விடிய இமை சொருகிச்சு, சரி உறக்கத்துக்குப் போறான்னு மூடிவிட்டேன். இப்பத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருக்கான், உங்க அமலி மாதிரியே. சத்தம் போடாம வந்து பாருங்க."

நான் சத்தம் போட்டுக்கொண்டேதான் ஓடினேன். மூடியிருந்த சேலையை இழுத்தேன். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கருகே பிடித்து, மூன்று நிமிஷம் பார்த்தேன், ஆறு நிமிஷம் பார்த்தேன், ஒன்பது. கண்ணாடி தெளிவாகவே இருந்தது. பாம்பு அங்கே இல்லை. அது எந்தப் பிள்ளைக்காகவும் வந்த பாம்பு இல்லை. சூடு தேடி வந்தது, சூடு போனதும் போய்விட்டது.

"மொதேஸ்தா, ஜீப் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

"எதுக்கு?"

"இது உறக்கமில்லடி."

"உங்க பிள்ளை தூங்கினா உறக்கம், என் பிள்ளை தூங்கினா உறக்கமில்லையா?" அவள் என்னைத் தள்ளிவிட்டு, சேலையைத் திரும்ப மூடி, ஓரத்தைச் சரியாகச் செருகினாள். "இத்தன நாள் அவன் கத்துனப்ப உங்களுக்குத் தொந்தரவு. இப்ப நிம்மதியாத் தூங்குறதும் பொறுக்கலையா? போங்கக்கா."

பெலவேந்திரன் போய் நர்ஸைக் கூட்டிவந்தார். அவள் நாடி பார்த்தாள், ஆனால் உறங்குகிற எந்தப் பிள்ளையிடமும் அவளால் நாடி பிடிக்க முடிந்ததில்லை. மாசி வரை பார்க்கலாம் என்றாள். டீச்சர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஊர் முழுக்கச் சில்லென்ற பிள்ளைகள் படுத்திருக்க, அதில் ஒரு பிள்ளை மட்டும் எப்படி வேறு என்று யாராலும் காட்ட முடியவில்லை. மொதேஸ்தா தொட்டிலருகே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சட்டை பின்னினாள். எழுந்ததும் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் பெரிய அளவில் பின்னினாள். குளிர் அதிகமாக இருந்ததால் அது நாலு நாள் வரை போயிற்று. ஐந்தாம் நாள் காலை அவளே வாசலுக்கு வந்து, பால் கேனோடு போய்க்கொண்டிருந்த மாயாண்டியைக் கூப்பிட்டு, "உள்ள வாங்க" என்றாள். எங்கள் யாரையும் கூப்பிடவில்லை.

அடக்கத்தன்று ஆண்கள் எல்லாப் பாம்பையும் அடுப்பில் போட வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்திலேயே பேச ஆரம்பித்தார்கள். மொதேஸ்தா மண் போட்ட கையைத் துடைத்துக்கொண்டு, "என் பிள்ளைக்குத் துணைக்கு வேற பிள்ளை வேணாம்" என்றாள். ஆண்கள் மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். ஸ்கொலாஸ்டிகா டீச்சர் தனியாக, டார்ச் இல்லாமல், வீடு வீடாக வந்து பச்சை அட்டைகளை அவிழ்த்துக்கொண்டு போனார். என் வீட்டில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். தொட்டிலுக்குள் பார்க்கவில்லை. அக்னெஸ் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

சாம்பல் புதனுக்கு மறுநாள் வெயில் வந்தது. ஊரில் ஒவ்வொரு தொட்டிலாக அழுகுரல் எழும்பியது. அமலி கொட்டாவி விட்டு, உதட்டைச் சப்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு மாதமாக நான் தேக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து அழுதேன். பாம்பு தொட்டில் விளிம்பில் தாடையை வைத்து வெயில் காய்ந்தது. அப்போதுதான் கதவு தட்டாமல் மொதேஸ்தா உள்ளே வந்தாள். எதிரே வந்து நின்று, பாம்பின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். வெயில் நேராகக் கண்ணில் விழுந்ததால் கோடு நூல்போல மெலிந்திருந்தது.

"பூனைப் பாம்பு," என்றாள். "எனக்கு வகுப்பெடுத்தப்பவும் சிஸ்டர் சொன்னாங்க. கண்ணுக்காகவே கொல்லுவாங்கன்னு."

நான் அமலியின் மேல் சேலையை இழுத்துவிட்டேன்.

"வழுவழுன்னு சொல்லித்தான அட்டை வாங்கினீங்க?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு… என் வீட்டுல குனிஞ்சு பார்த்தீங்களே அக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேசரிக் கிண்ணம் இன்னும் என் அடுக்களையில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ கடையில் விலை கேட்டு அறிந்துகொண்டவள்போல. பிறகு கையை நீட்டி, எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த முறைப்படி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடைக்குப் பின்னால் வருகிற மாதிரி, பாம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் மெல்ல அழுந்தியது. தொட்டிலில் அமலியின் சிரிப்பு நின்று, வாய் திறந்து, மூச்சு உள்ளே போகாமல் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்த விரல் என்ன செய்யும் என்று தெரியவில்லை. விரல் தளர்ந்தது, மூச்சு வந்தது, அமலி வீறிட்டு அழுதாள். மொதேஸ்தா அந்த அழுகையைக் கடைசி வரை கேட்டுவிட்டு, பாம்பைத் தொட்டிலில் வைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்க்கா" என்று போனாள்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வருகிறாள். பெலவேந்திரன் கதவைத் தாழ் போடு என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது, தாழ் போட எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று. மாலை வெயில் விழுகிற இடத்தில் அவளுக்குப் பாயை நானே விரித்து வைக்கிறேன். சில நாள் அவள் விரல் அழுந்துவதே இல்லை. சில நாள், நான் எண்ணுகிறேன், இருபது வரை போகிறது.

இன்றைக்கு வந்தவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்து, வெட்கப்பட்டவள்போல முந்தானையை இழுத்துவிட்டாள்.

"பால் இன்னும் வத்தலக்கா. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, நான்தான் போடல." பாம்பு ஏற்கெனவே அவள் இடது கைக்குள் இருந்தது. "பிள்ளையக் குடுக்கிறீங்களா?"

நான் அமலியைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் ரவிக்கையை விலக்கி மார்பில் அணைத்துக்கொண்டாள். பசித்திருந்த பிள்ளை உடனே வாய் வைத்து, மடக் மடக்கென்று விழுங்கத் தொடங்கியது. அவள் கைக்குள் பாம்பின் தொண்டையும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. மொதேஸ்தா கண்ணை மூடிக்கொண்டு, டியோனுக்குப் பாடுகிற பாட்டைப் பாடினாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.